மூன்றாம் தடவையும் தூக்கிய பட்டை

அத்தியாயம் ஏழு

"ஒரே கதவடிப் பட்டை. மூணு வாரம். மூணு தடவை ஸ்க்ரூ ஆணி," என்றார் பைஸர், கடை மேசையின் கண்ணாடிமேல் மூன்று ஆணிகளை வரிசையாக வைத்து. "மொதல்ல அரை இஞ்சி நீளம். அப்புறம் ஒரு இஞ்சி. முந்தாநேத்து ரெண்டு இஞ்சி. அதுவும் ஆண்டியப்பன் மொதலாளி தானே எறங்கி வந்து வாங்கிட்டுப் போறாரு. வீட்டுக்கு பல்பு வாங்கக்கூட ஆளனுப்புற மனுஷன்."

பிரேமினி அந்த மூன்று ஆணிகளையும் பார்த்தாள். வெளியே அக்கரப்பத்தனை கடைவீதியைப் பனி மூடியிருந்தது. காலை பதினொரு மணிக்கும் எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தெரியவில்லை.

நுவரெலியாவில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அலுவலகம். பத்து வருடம் காப்புறுதிக் கம்பெனி ஒன்றுக்கு விபத்து விசாரணை செய்து அலுத்து, சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியவள். அவளுடைய உதவியாளன் பாஹிமுக்கு நாற்பத்திரண்டு வயது, கொஞ்சம் தொப்பை, சொந்த ஆட்டோ. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் இதே கடையில் மாமா பைஸரிடம் ஆணி எடைபோட்டவன்.

அவர்கள் தேடி வந்தது ஆணியை அல்ல, ஒரு மனிதனை. மூன்று வாரத்துக்கு முன், மரக்கறி ஏற்றி வந்த லொறி ஒன்று, தேயிலை மலையில் வேலை முடிந்து லயத்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பவளம் என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணை வளைவில் மோதிவிட்டு நின்றது. டிரைவர் நிரோஷனைக் காணவில்லை. லொறியின் சொந்தக்காரர் ஆண்டியப்பன் போலீசில் வாக்குமூலம் கொடுத்தார்: வண்டியில் ஒரு குறையும் இல்லை, டிரைவர் குடித்திருந்தான், பயந்து ஓடிவிட்டான். ஊரும் நம்பியது. நம்பாதவள் ஒருத்திதான். நிரோஷனின் மனைவி தனுஜா.

"கோழிக்குஞ்சு குறுக்க போனாலே எறங்கிப் பாக்குறவரு மிஸ்," என்று அவள் பிரேமினியிடம் சொல்லியிருந்தாள். "அவரு ஓடமாட்டாரு. எங்கயோ இருக்காரு."

"மாமா, அந்தப் பட்டை எந்தக் கதவுக்கு?" என்று கேட்டான் பாஹிம்.

"பின்னாடி சாமான் அறைக்காம். கதவுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு இஞ்சி சந்து, அத மூடணும்னு வந்தாரு. நல்ல அலுமினியப் பட்டையா குடுத்தேன். அன்னைக்கே குசினிக் கதவுக்கும் ஒண்ணு வாங்கினாரு. அதுல ஒரு குறையும் இல்ல. இது மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குதாம். நம்ம சாமான் சரியில்லன்னு ஏசிட்டுப் போனாரு."

"சாமான் அறைக்குள்ள ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவாங்க?" பிரேமினி மெதுவாகக் கேட்டாள். "குசினிக்குள்ள எத்தனை தடவை போவாங்க?"

பாஹிம் கடையின் பழைய நீலச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மாட்டினான். பித்தான் போட முடியவில்லை.

"சட்டை சுருங்கிருச்சு," என்றான்.

"ஆமா, இத்தனை வருஷமா ஆணியிலயே தொங்கினா சட்டை அப்படித்தான் சுருங்கும்," என்றாள் பிரேமினி. "மாமா, மொதலாளிக்கு ஒரு போன் பண்ணுங்க. கம்பெனியில இருந்து ஒரு மிஸ் வந்திருக்காங்க, பட்டைக்கு உத்தரவாதம் இருக்கு, சும்மாவே மாத்திக் குடுப்பாங்கன்னு சொல்லுங்க. நாங்க பாதி வழியில வர்றோம்னும் சொல்லிருங்க."

ஆண்டியப்பனின் வீடு தேயிலைச் சரிவுக்கு மேலே தனியாக நின்றது. இரண்டு மாடி, எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி, ஒரே முன்வாசல். அவரே கதவைத் திறந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தைச் சுற்றிக் கம்பளி மப்ளர், முகத்தில் மூன்று நாள் தாடி.

"நானே இறுக்கிக்குவேனே. எதுக்கு சிரமம்?"

"போட்டோ எடுத்து அனுப்பணும் மொதலாளி," என்றான் பாஹிம். "கம்பெனிக்காரன் பட்டையை நம்பமாட்டான், போட்டோவைத்தான் நம்புவான்."

சட்டென்று மறுக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. உள்ளே விட்டார். சம்சாரம் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். வீட்டில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

வரவேற்பு ஹோலின் கோடியில் அந்தக் கதவு. பாஹிம் தரையில் மண்டியிட்டான். பிரேமினி அவன் பக்கத்தில் குந்தினாள். கதவடியில் ஓடிய பட்டையின் இந்தப் பக்கத்து ஓரத்தில் ஏழு ஸ்க்ரூ ஆணிகள். ஏழும் இரண்டு இஞ்சி. அவற்றில் மூன்று மறுபடியும் சீமெந்தை விட்டு மேலே எழும்பியிருந்தன.

"கொஞ்சம் திறந்தீங்கன்னா நல்லா பாத்துரலாம் மொதலாளி."

"சாவி சம்சாரத்துகிட்ட. வெளியில இருந்தே பாருங்க."

பிரேமினி கதவை நிமிர்ந்து பார்த்தாள். பித்தளைக் கைப்பிடி ஒன்று இருந்தது. அவ்வளவுதான். பார்வையை இறக்கிக்கொண்டாள். ஏதோ ஒன்று மனதில் உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

ஆண்டியப்பனின் போன் அடித்தது. அவர் ஜன்னல் பக்கம் நாலு எட்டு நகர்ந்து, முதுகைக் காட்டி நின்று பேசினார்.

பாஹிம் குரலைத் தாழ்த்தினான். "மிஸ், கால் தடுக்கித்தான் இது எழும்பியிருந்தா நம்ம பக்கத்து ஓரம் வளைஞ்சிருக்கணும். இது பாருங்க, நம்ம பக்கம் தட்டையா கெடக்கு. கதவுக்கு அந்தப் பக்கம்தான் வளைஞ்சிருக்கு. உள்ள இருந்து எதையோ விட்டு நெம்பியிருக்காங்க."

"எதை?"

பதில் கதவடியிலிருந்தே வந்தது. தூக்கியிருந்த பட்டைக்கும் கதவுக்கும் நடுவில், உள்ளிருந்து மெல்லிய வெளிச்சம் கசிந்தது. அதில் ஒரு கரண்டியின் காம்பு ஒரு கணம் மின்னியது. அதற்குப் பின்னால் ஈரமாக ஏதோ அசைந்தது. கண். ஒரு மனிதக் கண், தரையோடு தரையாக அவர்களுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிரேமினி இன்னும் குனிந்தாள்.

"நிரோஷன்?" என்றாள், கிசுகிசுப்பாக.

உள்ளே விளக்கு அணைந்தது. மூச்சுச் சத்தம்கூட நின்றுபோயிற்று.

அந்த இருட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு உறுத்தியது என்னவென்று புரிந்தது. அடைபட்டுக் கிடக்கிறவன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கத்துவான், கதவை உதைப்பான். இவன் விளக்கை அணைத்து ஒளிகிறான். அவள் மறுபடியும் கதவைப் பார்த்தாள். கைப்பிடி இருக்கிறது. சாவித் துவாரம் இல்லை. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. பூட்டுத் தொங்க ஒரு வளையம்கூட இல்லை. இல்லாத துவாரத்துக்கு சம்சாரத்திடம் ஏது சாவி?

"பாஹிம், இவரை யாரும் பூட்டி வைக்கல. கதவு உள்ள இருந்து பூட்டியிருக்கு."

"அப்ப வெளிய வரலாமே மிஸ்?"

"வர பயம். ஏன் பயம்னு யோசிங்க." அவள் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். ஆண்டியப்பன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "நேத்து ஆஸ்பத்திரியில எடுத்த வீடியோ உங்க போன்ல இருக்கா?"

"இருக்கு."

"பட்டையைக் கழட்டுங்க. போனை உள்ள தள்ளுங்க. அவரை அஞ்சு நிமிஷம் நான் பாத்துக்கிறேன்."

ஆண்டியப்பன் திரும்பியபோது பிரேமினி அளவு நாடாவை நீட்டியபடி எழுந்தாள். "குசினிப் பட்டையையும் அளந்துக்கிறேன். ஒரே நாள்ல வாங்கினதாமே. நுனியைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

குசினியில் அவள் அந்தப் பட்டையை இடமிருந்து வலமாக அளந்தாள். பிறகு வலமிருந்து இடமாக அளந்தாள். அகலத்தை எழுதினாள், எழுதியதை அடித்தாள், மறுபடி எழுதினாள். நாடாவின் மறுநுனியைப் பிடித்திருந்த ஆண்டியப்பனின் கண் ஹோல் பக்கமே இருந்தது. அடுப்பில் ஒரு சட்டி சோறு. அதற்குப் பக்கத்தில் ஒருவருக்கு மட்டும் போட்டு மூடி வைத்த தட்டு. ஹோலில் பாஹிமின் ஸ்க்ரூ டிரைவர் கிறீச்சிட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

"இறுக்குறதுக்கு இவ்வளவு நேரமா?" என்றார் ஆண்டியப்பன்.

"பழசைக் கழட்டாம எப்படி இறுக்குறது?"

ஏழாவது ஆணி கழன்ற சத்தம் கேட்டது. பிறகு அலுமினியம் தரையில் உரசும் சத்தம்.

திடீரென்று ஒரு பெண்ணின் குரல் வீடு முழுக்க எழுந்தது. பாஹிம் தன் போனின் சத்தத்தைக் குறைத்து வைத்ததாக வரலாறே கிடையாது.

"நான் பவளம் பேசுறேன். காலு ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்கு, உசுருக்கு ஒண்ணும் இல்ல. அந்தத் தம்பி தலைய வெளிய நீட்டி ஒதுங்குக்கா, ஒதுங்குக்கான்னு கத்திக்கிட்டே வந்துச்சு. வண்டி நிக்கல, அது என்னா செய்யும்?"

ஆண்டியப்பன் நாடாவை விட்டார். அது சுருண்டு பிரேமினியின் விரலில் அடித்தது. அவர் ஹோலுக்குப் போகவில்லை. நேரே முன்வாசலுக்குப் போனார். கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். மூலையில் கிடந்த இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தார். எல்லாவற்றையும் அவசரமில்லாமல் செய்தார். அதுதான் பயமாக இருந்தது.

"மிஸ்ஸுடைய போனைக் குடுங்க."

பிரேமினி கொடுத்தாள். அவர் தன் போனில் யாரையோ கூப்பிட்டார். "விஜிதரா, சின்னராசாவையும் கூட்டிட்டு வீட்டுக்கு வா. இப்பவே." பிறகு அவர்களைப் பார்த்து, "லொறியில மூட்டை ஏத்துற பசங்க. பத்து நிமிஷத்துல வந்துருவாங்க," என்றார்.

பிரேமினி ஜன்னல்களைப் பார்த்தாள். எல்லாம் கம்பி. வெளியே பனி கண்ணாடியோடு ஒட்டி நின்றது. கத்தினால் கேட்க ஆளில்லை. வெளியே பேசக்கூடிய ஒரே போன் கதவுக்கு அந்தப் பக்கம், மூன்று வாரமாக வெளிச்சத்துக்குப் பயந்து கிடக்கிற ஒருவனின் கையில் இருக்கிறது.

"மிஸ், என் ஆட்டோ வாழ்க்கையில பயணிகூட சேர்ந்து நானும் மாட்டிக்கிட்டது இதுதான் மொத தடவை," என்றான் பாஹிம். குரல் மட்டும் சிரித்தது.

அவள் கதவைப் பார்த்துப் பேசினாள். "நிரோஷன், நான் போலீஸ் இல்ல. தனுஜா அனுப்பி வந்தவ. பவளம் செத்துட்டாங்கன்னு உங்ககிட்ட சொல்லியிருக்காங்க, இல்லையா?"

"அது பழைய வீடியோ நிரோஷா," என்றார் ஆண்டியப்பன். அவர் குரல் தகப்பன் குரல் மாதிரிக் கனிந்தது. "சாகுறதுக்கு முந்தி எடுத்தது. நான்தானே பாடைக்கு முன்னாடி நின்னேன்? பதினாறும் முடிஞ்சிருச்சு. தோட்டத்து ஆளுங்க உன்னைக் கண்டா உசுரோட விடமாட்டாங்க. வெள்ளிக்கிழமை மன்னார் போறோம். அங்க இருந்து கடல் தாண்ட ஒரு போட்டு. எல்லாம் பேசி வச்சிருக்கேன். இவங்க போலீஸ். தாழ்ப்பாளைத் தொட்டுறாத."

"வீடியோவை முழுசாப் பாருங்க," என்றாள் பிரேமினி. "கட்டில் பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு பாருங்க."

ஆண்டியப்பன் கம்பியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "வாயை மூடுங்க."

அவள் வாயை மூடினாள். ஆனால் உள்ளே பவளத்தின் குரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இந்த முறை அவர்கள் எல்லோரும் அதைக் கடைசிவரை கேட்டார்கள். "...தம்பி பொஞ்சாதிதான் தெனமும் கஞ்சி கொண்டாருது. இந்தா நிக்குது பாருங்க. நீயும் ஒரு வார்த்தை சொல்லு புள்ள." பிறகு தனுஜாவின் குரல்: "இன்னைக்கோட பத்தொம்பது நாளாச்சுங்க. எங்க இருந்தாலும் வந்துருங்க."

நிமிடங்கள் போயின. பிரேமினி கதவின் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொய்யை இருபது நாள் சுமந்த ஒருவன், அதை இறக்கி வைக்க எவ்வளவு நேரம் எடுப்பான்?

முன்வாசலில் தட்டினார்கள். ஆண்டியப்பன் சாவியை எடுத்துத் திறந்தார். இரண்டு தடித்த வாலிபர்கள் தலையில் பனித்துளியோடு உள்ளே வந்தார்கள்.

"இவங்க ரெண்டு பேரையும் மேல் ரூமுக்குக் கொண்டு போங்க," என்றார் ஆண்டியப்பன்.

அப்போது தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவு திறந்தது. உள்ளே ஜன்னலில்லாத அறை, உருளைக்கிழங்குச் சாக்குகள், ஒரு பாய். வாசலில் நிரோஷன் நின்றான். தாடி வளர்ந்து கன்னம் ஒட்டியிருந்தது. ஒரு கையில் பாஹிமின் போன், இன்னொரு கையில் அந்தக் கரண்டி.

"நிரோஷண்ணே," என்றான் சின்னராசா. "நீங்க ஓடிட்டதா சொன்னாரு மொதலாளி."

"ஓடல," என்றான் நிரோஷன். பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். "அன்னைக்கு வளைவுல எறங்கி அந்த அக்காவைத் தூக்கப் போனேன். மொதலாளி பின்னாடி கார்ல வந்தாரு. மூச்சில்ல, ஆளுங்க வர்றாங்க, ஏறுன்னாரு. ஏறிட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு." அவன் ஆண்டியப்பனைப் பார்த்தான். "எதுக்கு என்னை ஒளிச்சு வச்சீங்கன்னு இப்பத்தான் வெளங்குது. பிரேக் புடிக்கலைன்னு உங்ககிட்ட மூணு தரம் சொன்னேன் மொதலாளி. இன்னும் ஒரு லோடு, இன்னும் ஒரு லோடுன்னு நீங்கதான் ஏத்தி அனுப்புனீங்க. நான் காப்பாத்தப்படுறேன்னு நெனச்சேன். நீங்க காப்பாத்துனது உங்களை."

"போலீசுக்குச் சொன்ன வாக்குமூலத்துல வண்டியில குறையே இல்ல," என்றாள் பிரேமினி. "அது பொய்னு சொல்ல டிரைவர் ஒருத்தர்தான் இருந்தாரு. அவரும் வெள்ளிக்கிழமை கடல் தாண்டிட்டா, யாரும் இல்ல."

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" ஆண்டியப்பன் வாலிபர்களைப் பார்த்துச் சொன்னார். "அவனைப் பிடிங்க."

சின்னராசா அசையவில்லை. விஜிதரன் நிரோஷனின் கால்களைப் பார்த்தான், பிறகு முகத்தை. "அந்த லொறியில நானும் தானே ஏறுவேன் மொதலாளி," என்றான் மெதுவாக. "அன்னைக்குக் காய்ச்சல்னு வரல. வந்திருந்தா நானும் அதுல இருந்திருப்பேன்."

அவன் விலகி, முன்வாசல் கதவை அகலத் திறந்து பிடித்தான். ஆண்டியப்பன் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். பிரேமினி அவருக்கு முன்னால் கையை நீட்டினாள். அவர் அவளுடைய போனை எடுத்துக் கொடுத்தார்.

படியிறங்கியபோது நிரோஷனின் கால் தடுமாறியது. பாஹிம் தோளில் தாங்கிக்கொண்டான்.

"ஏன்யா அந்தப் பட்டையை அப்படிப் போட்டு நெம்புனீங்க?" என்று கேட்டான். "எங்க மாமா கடைக்கே கெட்ட பேரு."

"யாரு வர்றாங்கன்னு கால் தெரியணும்ணே. செருப்பா, போலீஸ் சப்பாத்தான்னு பாத்துட்டாத்தான் மூச்சு வரும். அவரு அடைப்பாரு. அடைச்ச ஒடனே குழியில போட்டு மூடின மாதிரி இருக்கும். மறுபடி தூக்கிருவேன்."

பாஹிம் ஆட்டோவின் பின்சீட்டில் அவனை உட்காரவைத்து, நீலச் சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டான்.

பிரேமினி போலீசுக்குப் பேசி முடித்தாள். "வாக்குமூலம் குடுக்கணும். பயப்படாதீங்க, பவளம் சொன்னது எங்ககிட்ட இருக்கு. நானும் கூட வர்றேன். தனுஜாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவா?"

நிரோஷன் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு வெளிச்சம் அவன் கண்ணைக் கூசவைத்தது.

"அவ இப்ப எங்க இருப்பா?"

"இந்த நேரத்துக்கு ஆஸ்பத்திரியில. பவளத்துக்குக் கஞ்சி குடுத்துக்கிட்டிருப்பாங்க."

"அப்ப வரச் சொல்லாதீங்க மிஸ். பாதியில விட்டுட்டு ஓடி வந்துருவா." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அந்த அக்கா சாப்பிட்டு முடிக்கட்டும். ஸ்டேஷனுக்கு நான் போறேன்."